குமரிக்கண்டத்தைக் கைவிடுவோம்

தமிழின் தொன்மையைப் பேசும் கட்டுரைகளிலும், நூல் முன்னுரைகளிலும், விழா மேடைகளிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: 'குமரிமுனைக்குத் தெற்கே பரந்து கிடந்த மாபெரும் கண்டம் கடலில் மூழ்கியது, அறிவியலாளர் அதனை லெமூரியா என்பர்.' இவ்வாக்கியத்தின் முற்பாதி தவறு, பிற்பாதி பொய். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தவறு அறியாமையால் நேர்வது. அறிந்துகொள்ள எல்லா வழியும் திறந்திருக்கையில் அறிய மறுத்து அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது பொய்யாகிவிடுகிறது. லெமூரியா என்றொரு மூழ்கிய கண்டத்தைப் புவியியலார் 1960களின் முடிவிலேயே கைவிட்டுவிட்டனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அவர்கள் பெயரால் நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாம் எதை மறுக்கிறோம், எதை மறுக்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. பாண்டிநாட்டின் தென்கரையில் ஒரு பகுதியைக் கடல் கொண்டது என்ற பழஞ்செய்தியை நாம் மறுக்கவில்லை. தமிழ் மிகப் பழைய மொழி என்பதிலும் நமக்கு ஐயமில்லை. நாம் மறுப்பது 'கண்டம்' என்ற சொல்லையும், அதற்கு முட்டுக்கொடுக்கும் 'அறிவியல்' என்ற சொல்லையும் மட்டுமே.

*

முதலில் நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். பஃறுளியாறு புறநானூற்றில் வருகிறது. அந்த ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை பேசுகிறது. கடல் தன் நிலத்தைக் கொள்ள, அதற்கு ஈடாக அண்டை வேந்தரின் நிலத்தை வென்றுகொண்ட பாண்டியனை முல்லைக்கலி பேசுகிறது. மூலநூல்கள் தரும் செய்தி இவ்வளவே. ஒரு மலையும் ஓர் ஆறும் அவற்றைச் சூழ்ந்த நிலமும்.

பின்னர் வருகிறார் அடியார்க்கு நல்லார். பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூற்றுக் காவதம் என்கிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு என்று ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகளை அடுக்குகிறார். காவதம் என்பது எத்தனை மைல் என்பதில் ஒத்த கருத்தில்லை. பத்து மைல் என்று கொள்வோர் உண்டு. அப்படிக் கொண்டால் எழுநூறு காவதம் 7,000 மைல். அதாவது 11,000 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவத்துக்குத் தொலைவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். எனவே அந்த நாடு தென்துருவத்தையும் தாண்டி அப்பால் ஏறியிருக்க வேண்டும்! மேடையில் எழுநூற்றுக் காவதத்தை முழங்குவோரில் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே அடியார்க்கு நல்லார், நிலமிழந்த பாண்டியன் பெற்ற ஈட்டையும் சொல்கிறார். சோழநாட்டு எல்லையில் முத்தூர்க் கூற்றம். சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றம். கூற்றம் என்பது நாட்டின் உட்பிரிவு. இன்றைய வட்டத்தைப் போன்றது. ஒரு கண்டத்தை இழந்த வேந்தனுக்கு இரண்டு வட்டங்கள் ஈடாகுமா? இழந்த நிலத்தின் உண்மையான அளவைக் காட்டும் குறிப்பு உரையிலேயே இருக்கிறது. ஆனால் எழுநூற்றுக் காவதத்தை மனப்பாடமாகச் சொல்வோர் முத்தூரையும் குண்டூரையும் சொல்வதில்லை.

'குமரிக்கண்டம்' என்ற சொல்லோ சங்க நூல்களில் இல்லை. கந்தபுராணத்தின் அண்டகோசப் படலத்தில் அது வருகிறது. அங்கேயும் அது பரதகண்டத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றின் பெயரே தவிர, மூழ்கிய நிலத்தின் பெயரன்று. மூழ்காத நிலத்தின் பெயரை எடுத்து மூழ்கிய நிலத்துக்குச் சூட்டி, அதை ஐரோப்பியர் கற்பித்த இன்னொரு நிலத்தோடு ஒட்டவைத்தது இருபதாம் நூற்றாண்டு.

*

அந்த இன்னொரு நிலத்தின் கதை இது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அத்தீவில் மிகுந்து வாழும் லெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் காணப்படுகின்றன. கடலைக் கடக்க இயலாத விலங்குகள் இரு கரைகளிலும் இருப்பது எப்படி? இடையே நிலம் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று கருதி, அந்நிலத்துக்கு லெமூரியா என்று பெயரிட்டார். தமிழரையோ பாண்டியரையோ அவர் நினைத்திருக்கவும் மாட்டார். அவர் எதிர்கொண்டது ஒரு விலங்கியல் புதிர்.

அக்காலத்தில் அது நேர்மையான ஊகம். பூமி குளிர்ந்து சுருங்குகிறது, சுருங்கும்போது சில பகுதிகள் உள்விழுந்து கடலாகின்றன என்றே பெரும் புவியியலார் எண்ணியிருந்தனர். ஜெர்மானிய உயிரியலார் எர்ன்ஸ்ட் ஹெக்கல் லெமூரியாவை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். 1888இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் 'இரகசியக் கோட்பாடு' அதை மறைஞானக் கதையாக்கியது. இப்படி விலங்கியலும் மறைஞானமும் கலந்த லெமூரியா சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, உரைகளில் கடல்கோளைப் படித்திருந்த நம் அறிஞர்கள் அதில் தம் பழங்கதைக்கு ஒரு சாட்சியைக் கண்டனர். 1917இல் வெளிவந்த ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' லெமூரியாவைப் பேசுவதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை. அவர் தம் காலத்து அறிவியலைத்தான் எடுத்தாண்டார்.

நம் வழக்கு அவர்களோடு அன்று. அந்த அறிவியல் மாண்ட பிறகும் அதன் பிணத்தைச் சுமந்து திரிவோரோடுதான்.

*

ஒரு கண்டம் ஏன் மூழ்காது? இதற்கு விடை கிடைத்த வரலாறு தமிழ் மண்ணில் தொடங்குகிறது என்பதை நம் மேடைகள் அறிவதில்லை.

1802 ஏப்ரலில் சென்னைப் பறங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தியாவை முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவை. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை வடக்கே இமயம் வரை கொண்டு சென்றார். அங்கே ஒரு பிணக்கு எழுந்தது. கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு இடங்களுக்கிடையே உள்ள தொலைவை நிலத்தில் அளந்தால் ஒன்றாகவும், விண்மீன்களைக் கொண்டு கணித்தால் வேறாகவும் வந்தது. வேறுபாடு 5 விகலைக்குச் சற்றே அதிகம். தரையில் ஏறத்தாழ 160 மீட்டர்.

கல்கத்தாவில் இருந்த பாதிரியாரும் கணித அறிஞருமான ஜான் பிராட் இதற்குக் காரணம் தேடினார். இமயத்தின் பெருநிறை அளவைக் கருவியின் தூக்குக்குண்டைத் தன்பக்கம் ஈர்த்திருக்க வேண்டும். அவ்வீர்ப்பைக் கணக்கிட்டால் வேறுபாடு 15 விகலைக்கு மேல் வந்திருக்க வேண்டும். வந்ததோ அதில் மூன்றிலொரு பங்கு. அவ்வளவு பெரிய மலை அவ்வளவு குறைவாக ஈர்ப்பது ஏன்? 1855இல் ஜார்ஜ் ஏரி ஒரு விடை சொன்னார். மலை தரைமேல் வைத்த பாரமன்று. தனக்குக் கீழுள்ள அடர்ந்த பொருளின்மேல் மிதக்கிறது. வெளியே தெரியும் உயரத்துக்கு ஏற்ப அதன் வேர் உள்ளே ஆழ்ந்திருக்கிறது. அந்த இலேசான வேர் அடர்ந்த பொருளை விலக்கிக்கொண்டு நிற்பதால்தான் மலையின் ஈர்ப்பு குறைகிறது.

பின்வந்த நிலநடுக்க ஆய்வுகள் இந்த மிதப்பை உறுதிப்படுத்தின. கண்டங்களின் மேலோடு பெரும்பாலும் கிரானைட் வகைப் பாறை. அடர்த்தி நீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு. கடற்றரையின் மேலோடு பசால்ட் என்னும் எரிமலைப் பாறை; ஏறத்தாழ 3 மடங்கு. இரண்டுக்கும் கீழே உள்ள கவசம் 3.3 மடங்கு. கவசம் திண்மையான பாறைதான். ஆயினும் நெடுங்கால அழுத்தத்தில் மிக மெல்ல நெகிழ்ந்து ஒழுகக்கூடியது. கண்டத்தின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிப்பு. திபெத்துக்கு அடியில் 70 கிலோமீட்டர். கடற்றரையின் மேலோடு வெறும் 7 கிலோமீட்டர். தடித்ததும் இலேசானதுமான கண்டம் உயர்ந்து மிதக்கிறது. மெலிந்ததும் கனத்ததுமான கடற்றரை தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தில் நீர் நிற்கிறது. நிலமும் கடலும் நீரால் மட்டும் பிரிக்கப்பட்டவையல்ல, பாறையாலேயே வேறானவை. கடல் வற்றினால் கண்டம் வெளிப்படும் என்பதும், நீர் ஏறினால் கண்டம் கடலடியாகிவிடும் என்பதும் பிழையான எண்ணங்கள்.

ஆகவே, குமரிக்குத் தெற்கே ஒரு கண்டம் மூழ்கியது என்பவர் கட்டையொன்று குளத்தில் மூழ்கித் தரைதட்டியது என்கிறார். கட்டையின்மேல் அலை ஏறலாம், கட்டை மூழ்காது.

*

மூழ்கும் பொருளும் பூமியில் உண்டு. ஆனால் அது கண்டமன்று, கடற்றரை. இதைத்தான் புவித்தட்டுக் கோட்பாடு நமக்குக் காட்டியது.

கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்பிரட் வெக்னர் 1912இல் சொன்னார். 1915இல் நூலாக எழுதினார். இரண்டு கரைகளில் ஒரே உயிரினம் காணப்பட்டால் இடையே பாலம் மூழ்கியது என்று சொல்வது மிதப்பு விதிக்கு மாறானது, கரைகளே ஒருகாலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தன என்பது அவர் வாதம். நகர்த்தும் விசை எது என்பதை அவரால் காட்ட முடியவில்லை, பலரும் எள்ளினர். 1930இல் கிரீன்லாந்தின் பனியில் மாண்டார்.

சான்று கடலடியிலிருந்து வந்தது. 1950களில் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் கடலாழ அளவைகளைக் கொண்டு கடற்றரையை வரைந்தபோது, பெருங்கடல்களின் நடுவே மலைத்தொடரும் அதன் முகட்டில் பிளவுப் பள்ளத்தாக்கும் தெரிந்தன. அந்தப் பிளவில் பாறைக்குழம்பு எழுந்து உறைந்து புதிய கடற்றரை ஆகிறது. பழையது இருபுறமும் விலகிச் செல்கிறது என்று 1962இல் ஹாரி ஹெஸ் எழுதினார். மறு ஆண்டில் பிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் என்ற இருவர் இதற்குக் கையெழுத்துச் சான்று கண்டனர். உறையும் பசால்ட் அந்தக் காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. பூமியின் காந்தம் அவ்வப்போது வடக்குத் தெற்காகப் புரள்வது. எனவே பிளவின் இருபுறமும் புரண்டதும் புரளாததுமான பட்டைகள் மாறிமாறிக் கிடக்க வேண்டும். கிடந்தன.

எந்தக் கடலில் கிடந்தன? அவர்கள் கட்டுரைக்கு அடிப்படையான அளவைகள் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் கடலடி மலைத்தொடரில், 1962இல், எச்.எம்.எஸ். ஓவன் என்ற கப்பல் எடுத்தவை. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட கடல் அது. ஸ்கிளேட்டர் தம் லெமூரியாவை வைத்த அதே கடல்! மூழ்கிய கண்டம் இருக்க வேண்டிய இடத்தில், எந்தக் கண்டமும் மூழ்காமலே கடல் பிறக்கும் முறை எழுதப்பட்டிருந்தது.

முகட்டில் பிறக்கும் கடற்றரை நாளடைவில் குளிர்ந்து கனத்து, கடலின் அகழிகளில் கண்டத்தின் விளிம்புக்குக் கீழே புகுந்து கவசத்துக்குள் மூழ்கிவிடுகிறது. அந்தக் கனமே தட்டுகளை இழுக்கும் முதன்மையான விசை என்று இன்று கருதுகின்றனர். பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை ஏறத்தாழ இல்லை. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறை கிடைக்கிறது. கடற்றரை பிறந்து பிறந்து மூழ்குகிறது. கண்டம் மிதந்து மிதந்து முதுமை அடைகிறது. நம் கட்டுரையாளர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

1966இல் தேவநேயப் பாவாணரின் 'உலகின் முதன்மைச் செம்மொழி' ஆங்கிலத்தில் வெளிவந்தபோது லெமூரியாவே தமிழரின் பிறந்தகம் என்றது. வைன், மேத்யூஸ் கட்டுரை வந்து அப்போது மூன்றாண்டுகள். பாவாணரின் சொல்லாய்வில் நமக்குள்ள மதிப்பு வேறு. இந்த ஒன்றில் அவரைப் பின்பற்ற இயலாது. 1981இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் குமரிக்கண்டம் பற்றி அரசு சார்பில் ஆவணப்படமே எடுக்கப்பட்டது. அதற்குள் தட்டுக் கோட்பாடு உலகமெங்கும் பாடநூலில் இருந்தது.

*

பொய்யான கண்டத்தைப் பற்றிக்கொண்டு நாம் இழந்தது மெய்யான கதையை. அது எந்தப் புராணத்துக்கும் இளைத்ததன்று.

நாம் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் மடகாஸ்கர், இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றோடு ஒரே நிலமாக இருந்தது. அதன் பெயர் கோண்டுவானா. நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்திலிருந்து வந்த பெயர் அது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவிலிருந்தும், 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியா பிரிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைக் குழம்பு பரவியது. ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரையும் எட்டிய வேகத்தில் வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. நடுவே கிடந்த கடலின் அடித்தளம் நெரிந்து உயர்ந்து மலையாயிற்று. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலுயிர்களின் புதைபடிவங்கள் கொண்ட சுண்ணாம்புப் பாறை.

பறங்கிமலைக்கே திரும்பி வருவோம். அங்கும் பல்லாவரத்திலும் உள்ள கருநிறப் பாறைக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து சார்னக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னையிலிருந்து போனது என்பதால் வந்த பெயர். இதே பாறை இலங்கையில் உண்டு, மடகாஸ்கரில் உண்டு, கிழக்கு அண்டார்க்டிகாவின் பனிக்கு விளிம்பில் உண்டு. ஸ்கிளேட்டரின் புதிருக்கு விடை தேடக் கடலுக்குள் போக வேண்டியதில்லை. மின்சார இரயிலில் பல்லாவரத்தில் இறங்கினால் போதும்.

கடல்கோள்தான் வேண்டுமென்றால் அரியலூருக்குப் போகலாம். கோண்டுவானா பிளந்தபோது உருவான காவிரிப் படுகையில் கடல் புகுந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் நின்று, பின்வாங்கியது. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர்களின் படிவங்கள் அங்கே கிடைக்கின்றன. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லையே இன்று சிமெண்டு ஆலைகள் வெட்டுகின்றன. கடல் கொண்டு திருப்பித் தந்த நிலம் தமிழகத்தின் நடுவே கிடக்க, கடல் கொள்ளாத கண்டத்தைத் தேடி நாம் தென்துருவம் வரை போகிறோம்.

*

எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றை மதித்து விடை சொல்வதே முறை.

'மூழ்கிய கண்டங்களை அறிவியலே இப்போது கண்டுபிடிக்கிறதே?' என்பது முதல் வாதம். 2013இல் மொரீசியசின் கடற்கரை மணலிலும், 2017இல் அதன் எரிமலைப் பாறையிலும் சிர்க்கான் படிகங்கள் கிடைத்தன. பின்னவற்றுள் சில 300 கோடி ஆண்டு முதுமையுடையவை. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது சிதறிய ஒரு கண்டத் துண்டு எரிமலைக் குழம்பின் அடியில் கிடக்கிறது என்று ஆய்வாளர் கருதினர். மொரீஷியா என்று பெயரிட்டனர். அதே 2017இல், நியூசிலாந்தைச் சுற்றி 94 விழுக்காடு நீரில் அமிழ்ந்துள்ள ஏறத்தாழ 49 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பைச் சீலாண்டியா என்ற கண்டமாக ஏற்க வேண்டுமென்ற ஆய்வுரையும் வந்தது. இவற்றைக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் இரண்டைக் கவனிப்பதில்லை. முதலாவது, கண்டப் பாறை இழுபட்டு மெலிந்தால் தாழும், தாழ்ந்த பின்பும் அது கண்டப் பாறையாகவே இருக்கும், எனவே கண்டறியப்படும். சீலாண்டியாவைக் கண்டறிய முடிந்தது அதனால்தான். குமரிக்குத் தெற்கே அத்தகைய பெருநிலம் எதுவும் இல்லை. இருப்பது கடற்றரைப் பாறை. இரண்டாவது, இவை நடந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மொரீஷியாவில் தமிழ்ச்சங்கம் நடந்திருந்தால் அதன் புலவர்களுள் டைனோசர்களையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

'அப்படியானால் கடல்கோள் முழுக் கற்பனையா?' என்பது இரண்டாவது. இல்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாறையாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கை நம்மோடு நிலத்தால் இணைந்திருந்தது. குமரிக்குத் தெற்கே கண்டத்திட்டு, அதாவது கண்டத்தின் ஆழங்குறைந்த விளிம்பு, சில பத்துக் கிலோமீட்டர் வெளிப்பட்டு நின்றது. வாட்ஜ் திட்டு என்று இன்று மீனவர் வலைவீசும் கடலின் ஒரு பகுதி அந்நிலமே. பனி உருகிக் கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. கரைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக நிலம் இழந்திருப்பர். பஃறுளியின் நினைவு அத்துணைப் பழையதா, பிற்காலக் கரையழிவுகளின் நினைவா என்பது ஆராய வேண்டிய கேள்வி. நிலவியல் அறிஞர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' என்று தமிழிலேயே நூல் எழுதி, கண்டத்துக்கும் நீட்சிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் சுமதி ராமசாமி 2004இல் லெமூரியாக் கதையின் வரலாற்றையே தனி நூலாக்கினார். படிக்க மறுப்பதற்கு இனியும் காரணம் இல்லை. குமரி நீட்சி மெய்யானது, சிறியது, நம்முடையது. மூன்றும் போதாதா?

'அறிவியல் நாளைக்கு மாறும், வெக்னரையும் எள்ளினார்களே?' என்பது மூன்றாவது. வெக்னர் வென்றது எள்ளப்பட்டதால் அன்று. அளவைகள் அவர் பக்கம் வந்ததால். தட்டுகளின் நகர்வை இன்று செயற்கைக்கோள் வழியே நேரடியாக அளக்கிறோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிறுவிய கருவி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. குமரிக்கண்டத்தின் பக்கம் எந்த அளவை நிற்கிறது?

*

இதில் என்ன கெட்டுவிட்டது, ஒரு கதைதானே என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கதையாக இருந்தால் கேடில்லை. கடல் கொண்ட நாட்டைக் காப்பியமாக எழுதுங்கள். நாமே வாங்கிப் படிப்போம். கேடு வருவது அதைப் பாடமாகச் சொல்லும்போது.

ஒரு வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, பள்ளியில் புவியியல் பாடத்தில் தட்டு நகர்கிறது என்று படித்தோம். தமிழ் இலக்கிய வரலாற்றுத் துணைநூலில் கண்டம் மூழ்கியது என்று இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?" எது உண்மை என்று அவர் கேட்கவில்லை என்பதே நம்மை உறுத்தியது. உண்மை பற்றிய கேள்வி அறிவியல் வகுப்புக்கு உரியது, தமிழ் வகுப்பில் பெருமிதம் மட்டுமே வேண்டும் என்று அவருக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். தமிழ்த்துறைக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பை எந்தப் பகைவரும் செய்ய இயலாது. அம்மாணவர் நாளை கீழடியைப் பற்றிக் கேள்விப்படும்போது என்ன நினைப்பார்? கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட காலக்கணிப்பு குழிதோண்டி, கரியெடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெற்றது. அதையும் மூழ்கிய கண்டத்தையும் ஒரே மேடையில், ஒரே குரலில் சொன்னால், கேட்பவர் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பார். பொய்ச்சான்றை முன்வைத்தவனின் மெய்ச்சான்றையும் வழக்குமன்றம் ஐயுறும்.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்கு அப்பால் இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் புகும் விளிம்பு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்க எந்த அமைப்பும் இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான். கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற ஒருவரிச் செய்தி கரையில் பலருக்கும் தெரியவில்லை. கடல்கோள் என்ற சொல்லை ஈராயிரம் ஆண்டுகளாக வைத்திருந்த மொழி நம்முடையது. அச்சொல்லைப் பழம்பெருமைக்கு மட்டும் பயன்படுத்தினோம். கிழக்கே கடலுக்கு அப்பால் தட்டுகள் முட்டும் இடம் எது என்று கற்பிக்கப் பயன்படுத்தவில்லை. அழிவுக்குப் பிறகும் 'குமரியைக் கொண்ட அதே கடல்' என்ற உருக்கம் எழுந்தது. அந்த அலை வந்தது, அழித்தது, திரும்பியது. கண்டம் எதையும் கொண்டு போகவில்லை. மக்களைத்தான் கொண்டு போயிற்று.

நாம் கேட்பது மூன்று. இலக்கிய வரலாறு எழுதுவோர் 'அறிவியலாளர் கூறும் லெமூரியா' என்ற தொடரை அடுத்த பதிப்பில் நீக்க வேண்டும். அடியார்க்கு நல்லாரைக் கற்பிக்கையில் எழுநூற்றுக் காவதத்தோடு முத்தூரையும் குண்டூரையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். தமிழ் முதுகலை மாணவர்களை ஒருநாளாவது பல்லாவரத்தின் பாறைக்கும் அரியலூரின் படிவப் படுகைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். ஐந்திணையை நிலத்தின் மேல் எழுதிய மரபு நம்முடையது. அந்த நிலம் எதனால் ஆனது என்று அறிவதும் தமிழ்ப் படிப்பில் ஒரு பகுதிதான்.